செல்வந்தர்களுக்கான வரிச் சலுகை: பயன் யாருக்கு? சுமை யாருக்கு?

பொருளாதாரம் தளர்வடையும் ஒவ்வொரு வேளையிலும் ஒரு குரல் தவறாது ஒலிப்பதை நாம் கேட்டு வருகின்றோம். செல்வந்தர்கள் மீதும் பெருங் கம்பனிகள் மீதும் விதிக்கப்பட்டுள்ள வரியைக் குறைத்து விடுங்கள். அவர்களது கையில் மீதப்படும் பணம் முதலீடாக மாறும். முதலீட்டால் தொழில்வாய்ப்புப் பெருகும். தொழிலால் மக்களின் வருமானம் கூடும். ஈற்றில் அரசாங்கத்தின் வரி வருமானமும் தானாகவே உயர்ந்துவிடும் என்பதே அக்குரலின் சாராம்சமாகும். வயலுக்குப் பாய்ச்சும் நீர் வரம்போரத்துப் புல்லையும் நனைக்காமல் விடாது என்ற நம்பிக்கையை ஒத்தது இது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இவ்வாதம் வாஷிங்டனிலும் இலண்டனிலும் ஒலித்தது போலவே கொழும்பிலும் ஒலித்தது. ஏனைய நாடுகள் இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டதால் வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறையைச் சந்தித்தன. எமது நாடோ வங்குரோத்து நிலையையே சந்திக்க நேர்ந்தது. எனவே, இவ்விடயத்தை ஆராய்வதற்கு வேறெந்த நாட்டு மக்களையும் விட எமக்கே உரிமையும் தேவையும் அதிகம் என நாம் கருதுகின்றோம்.

2019 நவம்பர் 16 ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ வெற்றி பெற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி இடம்பெற்ற உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களினால் சுற்றுலாத்துறையும் வர்த்தகமும் முடங்கியிருந்த நிலையில், பொருளாதாரத்துக்குப் புத்துயிர் அளிக்கப் போவதாகக் கூறிய புதிய அரசாங்கம், பதவியேற்று இரு வாரங்கள் கழிவதற்கு முன்னரே நாட்டின் வரி முறைமையைத் தலைகீழாக மாற்றியமைத்தது. பெறுமதி சேர் வரி டிசெம்பர் 1 ஆம் திகதி முதல் 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வர்த்தக நிறுவனங்களின் வருடாந்தப் புரள்வு எல்லை 1 கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி முற்றாக நீக்கப்பட்டது. சம்பளம் வழங்கும்போதே அறவிடப்பட்டு வந்த உழைக்கும்போது செலுத்தும் வரியும், வட்டி முதலியவற்றின் மீதான நிறுத்திவைத்தல் வரியும், பொருளாதார சேவைக் கட்டணமும் 2020 ஜனவரி முதல் கைவிடப்பட்டன. கம்பனிகளுக்கான பொது வருமான வரி வீதம் 28 இலிருந்து 24 ஆகவும், தனிநபர் வருமான வரியின் உச்ச வீதம் 24 இலிருந்து 18 ஆகவும் இறக்கப்பட்டன.

இச்சலுகைகள் யாவும் செல்வந்தர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டவை என்று கூறுவது நேர்மையாகாது. பெறுமதி சேர் வரியானது கடைக்குச் செல்லும் அனைவரும் செலுத்தும் வரி என்பதால் அதன் குறைப்பு பெயரளவிலேனும் அனைவருக்கும் உரியதே. எனினும் வருமான வரியில் செய்யப்பட்ட மாற்றத்தை ஒரு சிறு கணக்கின் மூலம் நோக்கினால் சலுகை எத்திசையில் பாய்ந்தது என்பது புலனாகும்.

மாதம் ஒரு இலட்சம் ரூபா சம்பளம் பெற்ற ஊழியர் 2019 ஆம் ஆண்டின் மாற்றத்துக்கு முன்னரும் வருமான வரி செலுத்தவில்லை, பின்னரும் செலுத்தவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா பெற்றவர் மாதமொன்றுக்கு சுமார் 2,000 ரூபா வரியிலிருந்து விடுபட்டார். மாதம் பத்து இலட்சம் ரூபா பெற்றவரோ, முன்னைய வீதங்களின்படி ஆண்டுக்கு 22 இலட்சத்து 32 ஆயிரம் ரூபா செலுத்த வேண்டியிருந்த இடத்தில், புதிய வீதங்களின்படி 10 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவை மாத்திரமே செலுத்த வேண்டியவரானார். அதாவது, மாதமொன்றுக்கு 96,000 ரூபா அவரது கையில் மீந்தது. நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளத்தைப் பெறுவதற்கு 2021 ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்த தோட்டத் தொழிலாளியின் இரண்டு மாதச் சம்பளத்தைக் கூட்டினாலும் அத்தொகையை எட்டாது என்பது குறிப்பிடத்தக்கது. வருமான வரி என்றால் என்னவென்றே அறியாத அத்தொழிலாளியின் குடும்பத்துக்கு இச்சலுகையில் எப்பங்கும் இருக்கவில்லை.

இனி, வழங்கப்பட்ட சலுகை வாக்குறுதியளிக்கப்பட்ட பலனைத் தந்ததா என்பதை நோக்குவோம். 2019 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் வரி வருமானம் சுமார் 1,735 பில்லியன் ரூபாவாகும். 2020 ஆம் ஆண்டில் அது சுமார் 1,217 பில்லியன் ரூபாவாக வீழ்ச்சியடைந்தது. பெறுமதி சேர் வரி மூலமான வருமானம் மட்டும் சுமார் 444 பில்லியன் ரூபாவிலிருந்து 234 பில்லியன் ரூபாவாகவும், வருமான வரி மூலமான வருமானம் சுமார் 428 பில்லியன் ரூபாவிலிருந்து 268 பில்லியன் ரூபாவாகவும் சரிந்தன. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரி வருமானத்தின் பங்கு 8 சதவீதமளவுக்கு இறங்கியது. உலகிலேயே மிகக் குறைந்த வரி வருமானத்தைக் கொண்ட நாடுகளின் வரிசையில் இலங்கையும் சேர்ந்து கொண்டது. 1990 களின் முற்பகுதியில் இந்நாட்டின் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 20 சதவீதத்தையொட்டி இருந்தது என்பதை நினைவிற்கொண்டால் வீழ்ச்சியின் ஆழம் விளங்கும்.

இவ்வீழ்ச்சிக்குக் கொவிட் தொற்றே காரணம் என வாதிடுவோர் உள்ளனர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. 2020 மார்ச் மாதத்தில் நாடு முடக்கப்பட்டதும், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் வருமானத்தைப் பாதித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், 2021 ஆம் ஆண்டில் பொருளாதாரம் மீண்டும் வளர்ச்சி கண்ட பின்னரும் வரி வருமானம் சுமார் 1,298 பில்லியன் ரூபாவாகவே இருந்தது. இது 2019 ஆம் ஆண்டின் வருமானத்தை விட நான்கில் ஒரு பங்கு குறைவாகும். தொற்று மட்டுமே காரணமாக இருந்திருப்பின், பொருளாதாரம் எழும்போது வருமானமும் கூடவே எழுந்திருக்க வேண்டும். அவ்வாறு எழாமைக்குக் காரணம் வரி வீதங்கள் மட்டுமல்ல. வரியை அறவிடும் பொறிமுறையே சிதைக்கப்பட்டிருந்தமையாகும்.

இங்கு ஒரு நுட்பமான விடயத்தை விளக்குதல் அவசியம். சம்பளம் கொடுக்கும் நிறுவனமே வரியைக் கழித்து அரசாங்கத்துக்கு அனுப்புவதும், வட்டி கொடுக்கும் வங்கியே வரியைப் பிடித்து வைப்பதும் வெறும் வசதிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. யார் எவ்வளவு உழைக்கின்றார், யாருக்கு எவ்வளவு வைப்பு இருக்கின்றது என்பதை உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அறிந்து கொள்வதற்கான கண்களே அவை. அக்கண்களை மூடிவிட்டு, விரும்பியவர் தாமாக முன்வந்து கணக்குக் காட்டட்டும் என்று விட்டால் என்ன நிகழும் என்பதை ஊகிப்பதற்குப் பெரும் பொருளியல் அறிவு தேவையில்லை. வரிக் கோப்புகளின் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் குறைந்தது. ஒரே நாளில் வர்த்தமானி மூலம் கலைத்துவிடக் கூடிய வரி வலைப்பின்னலை மீளக் கட்டியெழுப்புவதற்கு ஆண்டுகள் பல செல்லும் என்பதை நாடு பின்னரே உணர்ந்தது.

இந்த ஆபத்து முன்கூட்டியே சுட்டிக்காட்டப்படாமலும் இல்லை. அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, தேர்தல் பிரசார காலத்திலேயே இவ்வாக்குறுதி நாட்டை வங்குரோத்து நிலைக்கு இட்டுச் செல்லும் எனப் பகிரங்கமாக எச்சரித்தார். தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழிந்த நிலையில், 2019 டிசெம்பரில் பிட்ச் நிறுவனம் இலங்கையின் கடன் தரப்படுத்தலுக்கான எதிர்வுகூறலை எதிர்மறையாக மாற்றியது. சீனாவில் தோன்றிய நோய் பற்றி இலங்கையில் எவரும் பேசத் தொடங்காத காலம் அது. 2020 இறுதிக்குள் பிரதான தரப்படுத்தல் நிறுவனங்கள் மூன்றும் இலங்கையை மிகத் தாழ்ந்த நிலைக்குத் தள்ளிவிட்டன. அதன் பின்னர் சர்வதேச சந்தையில் கடன் பெறும் கதவு எமக்கு மூடப்பட்டது.

வரி குறைந்தாலும் அரசாங்கத்தின் செலவு குறையவில்லை. அரச ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்க வேண்டும். ஓய்வூதியம் வழங்க வேண்டும். பழைய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். வெளிநாட்டில் கடன் கிடைக்காத நிலையில் அரசாங்கம் மத்திய வங்கியை நாடியது. மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களைக் கொள்வனவு செய்து பணத்தை உருவாக்கிக் கொடுத்தது. 2019 இறுதியில் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவாக இருந்த அக்கொள்வனவு 2021 இறுதியில் 1,400 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. அவ்வாறு உருவாக்கப்பட்ட ரூபாக்கள் டொலர்களைத் துரத்தின. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கம் கரைந்தது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாது என அறிவித்தது. சுதந்திர இலங்கையின் வரலாற்றில் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதற் தடவையாகும்.

அந்நாட்களை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் வரிசையில் காத்திருந்தோர் மயங்கி வீழ்ந்து உயிரிழந்தனர். எரிவாயு சிலிண்டருக்காகப் பெண்கள் விடிய விடிய வீதியில் நின்றனர். மருத்துவமனைகளில் அத்தியாவசிய மருந்துகள் இன்றிச் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. காகிதம் இன்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் உச்சத்தை எட்டின. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021 இல் 13.1 சதவீதமாக இருந்த வறுமை 2022 இல் 25 சதவீதமாக இரட்டிப்படைந்தது. பெருந்தோட்ட மக்களிடையே இது பாதிக்கும் மேற்பட்டோரைத் தொட்டது. பணவீக்கம் என்பது பாராளுமன்றம் நிறைவேற்றாத வரி. அவ்வரிக்கு விலக்கெல்லை கிடையாது. மாதம் பத்து இலட்சம் உழைப்பவரையும் நாட்கூலியையும் அது ஒரே வீதத்தில் தாக்கும். ஆனால் காணியும் டொலரும் வைத்திருப்பவர் தப்பித்துக் கொள்வார். ரூபாவில் கூலி பெறுபவர் தப்பிக்க இயலாது.

வரிக் குறைப்பு ஒன்றே இந்நெருக்கடிக்குக் காரணம் என நாம் கூற வரவில்லை. பல ஆண்டுகளாகத் திரண்ட வெளிநாட்டுக் கடன், 2021 இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை, ரூபாவின் பெறுமதியைச் செயற்கையாகத் தாங்கிப் பிடித்தமை, சர்வதேச நாணய நிதியத்தை நாடுவதில் காட்டிய தாமதம் என்பனவும் காரணங்களே. எனினும், ஏனைய சுமைகளைத் தாங்குவதற்கு நாட்டுக்கு இருந்த வலுவை முதலில் பறித்தது வரிக் குறைப்பே என்பதில் ஐயமில்லை. 2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பின் மூலம், முன்னாள் ஜனாதிபதிகளான கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ ஆகியோரும், முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷவும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட உயரதிகாரிகளும் பொருளாதார நெருக்கடி தொடர்பில் மக்களின் நம்பிக்கையை மீறினர் எனத் தீர்மானித்தது. வரிக் கொள்கையும் அத்தீர்ப்பில் ஆராயப்பட்டது. வரிக் குறைப்பு என்பது வெறும் அரசியல் விருப்பு வெறுப்புச் சார்ந்த விடயமல்ல, பொது நம்பிக்கை சார்ந்த விடயம் என்பதற்கு இத்தீர்ப்பு சான்றாகும்.

எமது அனுபவம் இவ்வாறிருக்க, வளமிக்க நாடுகளின் அனுபவம் என்ன? இக்கோட்பாட்டின் தாயகம் ஐக்கிய அமெரிக்காவாகும். வரி வீதம் பூச்சியமாயின் அரசுக்கு வருமானம் இல்லை. நூறு சதவீதமாயினும் எவரும் உழைக்க முன்வர மாட்டார்கள் என்பதால் வருமானம் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ ஓர் உச்சப் புள்ளி உண்டு என்பதே ஆர்தர் லாஃபர் என்ற பொருளியலாளர் 1970 களில் பிரபலப்படுத்திய விளக்கம். இவ்விளக்கத்தில் தவறேதும் இல்லை. ஒரு நாட்டின் வரி வீதம் அந்த உச்சப் புள்ளிக்கு அப்பால் நிற்கின்றது என்று ஆதாரமின்றி எடுத்துக்கொள்வதிலேயே தவறு தொடங்குகின்றது. 1964 இல் அமெரிக்காவில் உச்ச வீதம் 91 இலிருந்து படிப்படியாக 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது பொருளாதாரம் நன்கு வளர்ந்தது. அத்தகைய உயர்ந்த வீதங்களைக் குறைப்பதில் நியாயம் இருந்தது. ஆனால், 24 சதவீத உச்ச வீதத்தைக் கொண்டிருந்த இலங்கைக்கு அந்நியாயம் எவ்வாறு பொருந்தும்?

ரொனால்ட் ரேகன் 1981 இல் உச்ச வீதத்தை 70 இலிருந்து 50 ஆகவும், 1986 ஆம் ஆண்டின் சட்டம் அதனை 28 ஆகவும் குறைத்தன. வளர்ச்சி ஏற்பட்டது உண்மையே. ஆனால் அவ்வளர்ச்சிக்கு வட்டி வீதங்கள் இறங்கியமையும் முக்கிய காரணமாகும். பற்றாக்குறையைக் கண்டு அஞ்சிய ரேகன் நிர்வாகமே 1982 இல் சில வரிகளை உயர்த்த நேரிட்டது. அவரது எட்டாண்டு ஆட்சியில் அமெரிக்காவின் தேசியக் கடன் ஏறத்தாழ மூன்று மடங்காகியது. அதற்கு மாறாக, 1993 இல் பில் கிளின்டன் உச்ச வீதத்தை 39.6 சதவீதமாக உயர்த்தியபோது பொருளாதாரம் நிலைகுலையும் என எதிர்வு கூறப்பட்டது. நடந்ததோ நீண்ட வளர்ச்சியும், 1998 முதல் வரவு செலவுத் திட்டத்தில் மிகையும் ஆகும். அம்மிகையை ஜோர்ஜ் புஷ்ஷின் 2001, 2003 வரிக் குறைப்புகளும் யுத்தச் செலவுகளும் சேர்ந்து பற்றாக்குறையாக மாற்றின.

கன்சாஸ் மாநிலத்தின் கதை இன்னும் தெளிவானது. 2012 இல் ஆளுநர் சாம் பிரௌன்பாக் வருமான வரியைக் கணிசமாகக் குறைத்து, பலவகை வர்த்தக உரிமையாளர்களின் இலாபத்துக்கு மாநில வரியே இல்லை என அறிவித்தார். தொழில்வாய்ப்பு வெள்ளமாகப் பெருகும் என்றார். பெருகவில்லை. பாடசாலைகளுக்கும் வீதிகளுக்கும் நிதி போதாமற் போனது. 2017 இல் அவரது சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியைப் பெரும்பான்மையாகக் கொண்ட சட்டசபையே, அவரது வீட்டோ அதிகாரத்தையும் மீறி அக்குறைப்புகளை இரத்துச் செய்தது.

பிரித்தானியாவில் 2022 செப்டெம்பர் 23 ஆம் திகதி நிதியமைச்சர் குவாசி குவார்டெங், அதிக வருமானம் பெறுவோருக்கான 45 சதவீத வீதத்தை நீக்குவது உட்பட சுமார் 45 பில்லியன் பவுண் வரிக் குறைப்பை அறிவித்தார். வருமானத்தை எங்கிருந்து ஈடு செய்வது என்பதைக் கூறவில்லை. சில நாட்களில் பவுணின் பெறுமதி டொலருக்கு எதிராக வரலாறு காணாத வகையில் வீழ்ந்தது. இங்கிலாந்து வங்கி கடன் முறிச் சந்தையில் தலையிட வேண்டியதாயிற்று. நிதியமைச்சர் பதவி நீக்கப்பட்டார். பிரதமர் லிஸ் ட்ரஸ் ஒக்டோபர் 20 ஆம் திகதி இராஜிநாமாவை அறிவித்தார். எமது நாட்டுக்கு இரண்டரை ஆண்டுகளில் நேர்ந்தது அவர்களுக்கு நான்கு வாரங்களில் நேர்ந்தது. ஆனால் அங்கே தவறு உடனடியாகத் திருத்தப்பட்டது. இங்கே திருத்தப்படவில்லை என்பதே வேறுபாடு.

டொனால்ட் ட்ரம்ப் 2017 இல் கம்பனி வரியை 35 இலிருந்து 21 சதவீதமாகக் குறைத்தார். முதலீடு ஓரளவு கூடியது என்பதை ஆய்வாளர்கள் ஏற்கின்றனர். எனினும், அக்குறைப்பு தனக்கான செலவைத் தானே ஈடு செய்யும் என்ற வாக்குறுதி பொய்த்தது. இலண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்களான டேவிட் ஹோப், ஜூலியன் லிம்பேர்க் ஆகியோர் 18 வளர்ந்த நாடுகளின் ஐம்பது ஆண்டுகால வரிக் கொள்கையை ஆராய்ந்து 2020 இல் வெளியிட்ட முடிவு இவ்விடத்தில் கவனத்திற்குரியது. செல்வந்தர்களுக்கான பெரும் வரிக் குறைப்புகள் உச்சத்தில் உள்ளோரின் வருமானப் பங்கை உயர்த்தின. ஆனால் பொருளாதார வளர்ச்சியிலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தவில்லை என்பதே அம்முடிவாகும்.

நீர் ஏன் புல்லுக்கு வந்து சேர்வதில்லை? காரணம் எளிதானது. மாதம் ஐம்பதினாயிரம் உழைப்பவரிடம் மேலதிகமாக ஐயாயிரம் ரூபா சேர்ந்தால் அது பாணாகவும் பருப்பாகவும் பிள்ளையின் சப்பாத்தாகவும் ஊர்க் கடைக்கே திரும்பி வருகின்றது. அக்கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கூடுதலாக வாங்குகின்றார். மாதம் பத்து இலட்சம் உழைப்பவரிடம் மேலதிகமாக ஒரு இலட்சம் சேர்ந்தால் அவரது சமையற்கட்டில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. அப்பணம் நிலையான வைப்பாகவோ, கொழும்பில் காணியாகவோ, பிள்ளையின் வெளிநாட்டுக் கல்விக் கட்டணமாகவோ மாறுகின்றது. தொழிற்சாலை அமைப்பவரும், வரி எவ்வளவு என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. உற்பத்தியை வாங்க ஆளிருக்கின்றார்களா, மின்சாரம் தடையின்றிக் கிடைக்குமா, சட்டம் நாளை மாறுமா என்பனவற்றையே அவர் முதலில் பார்க்கின்றார். வரி குறைவாக இருந்தும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவிய 2022 ஆம் ஆண்டின் இலங்கையில் முதலீடு செய்ய எவர் முன்வருவார்?

சலுகை நுகர்வோரைச் சென்றடையும் என்ற வாதத்துக்கும் ஓர் உள்நாட்டு உதாரணம் உண்டு. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அரசுக்குப் பெருமளவு வருமான இழப்பு ஏற்பட்டதாகக் கணக்காய்வு சுட்டிக்காட்டியது. அரசு விட்டுக்கொடுத்த பணம் தேநீர்க் கோப்பையை அடைவதற்கு முன்னர் வழியிலேயே தங்கிவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். செல்வந்தர்களிடமிருந்து பெறாமல் விட்ட வரியை ஈற்றில் யார் செலுத்தினர்? பெறுமதி சேர் வரி 2022 இல் 12 சதவீதமாகவும் பின்னர் 15 சதவீதமாகவும், 2024 ஜனவரியில் 18 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அதன் வலைக்குள் கொண்டுவரப்பட்டன. 2019 நவம்பர் வரை 15 சதவீதமாக இருந்த வரியைக் குறைத்ததன் இறுதி விளைவு 18 சதவீத வரியாகும். 2023 இல் மேற்கொள்ளப்பட்ட உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது வங்கிகளின் கைவசமிருந்த திறைசேரி முறிகள் தவிர்க்கப்பட்டு, ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகளே குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. வருமான வரிச் சலுகையில் ஒரு சதமேனும் பெறாத தோட்டத் தொழிலாளியும் ஆடைத் தொழிற்சாலை யுவதியும் தமது முதுமைக்கால சேமிப்பிலிருந்து அதன் விலையைச் செலுத்துகின்றனர். இதனைவிடப் பெரிய அநீதி வேறென்ன இருக்க முடியும்?

அவ்வாறாயின் வரியை எவ்வளவுக்கு உயர்த்தினாலும் நன்று என்பதா எமது நிலைப்பாடு? அல்ல. 2023 ஜனவரியில் உச்ச வீதம் 36 சதவீதமாக உயர்த்தப்பட்டு, மாதம் சுமார் 3 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கே அவ்வீதம் பிரயோகிக்கப்பட்டபோது, மருத்துவர்களும் பொறியியலாளர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வீதிக்கிறங்கினர். அவர்களில் பலர் நாட்டை விட்டே வெளியேறினர். வடக்கு, கிழக்கு, மலையக மருத்துவமனைகளில் ஏற்கெனவே நிலவிய ஆளணிப் பற்றாக்குறை இதனால் மோசமடைந்தது. அவர்களது ஆதங்கத்தில் நியாயம் இருந்தது. சம்பளம் பெறுபவரே செல்வந்தர் என்ற பிழையான அளவுகோலே அங்கு பயன்படுத்தப்பட்டது. சம்பளத்தின் மீது 36 சதவீதம் விதித்த நாட்டில், 2018 இல் மீளக் கொண்டுவரப்பட்ட மூலதன ஆதாய வரி 10 சதவீதமாகவே இருந்தது. 1950 களின் இறுதியில் பொருளியலாளர் நிக்கலஸ் கல்டோரின் ஆலோசனையுடன் இலங்கை செல்வ வரியை அறிமுகப்படுத்திய முன்னோடி நாடாக இருந்தது. பின்னர் அவ்வரி கைவிடப்பட்டது. உழைப்பவரை இறுக்கிப் பிடித்து, சொத்தைக் குவித்தவரைத் தளர்வாக விடும் முறைமையை நாம் எவ்வகையிலும் ஆதரிக்கவில்லை.

அதேபோன்று, வரி உயர்ந்தமையால்தான் 2024 இல் பொருளாதாரம் 5 சதவீதமளவில் வளர்ந்தது எனக் கூறுவதும் மிகையாகும். அடியோடு வீழ்ந்த பொருளாதாரம் எழும்போது அவ்வளர்ச்சி ஓரளவு எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். வரி வருமானம் 2021 இன் அளவை விட இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்த அவ்வாண்டில் பொருளாதாரம் நின்றுவிடவில்லை. வரியை உயர்த்தினால் வளர்ச்சி செத்துவிடும் என்ற எச்சரிக்கை மெய்ப்படவில்லை. ரூபா நிலைபெற்றது, பணவீக்கம் அடங்கியது, வட்டி இறங்கியது. ஒரு முதலீட்டாளருக்கு வரிச் சலுகையை விட இவையே பெரிய சலுகைகள்.

எதிர்காலத்தில் மீண்டும் தேர்தல்கள் வரும். வரிக் குறைப்பு வாக்குறுதிகளும் கூடவே வரும். அவ்வேளைகளில் மக்கள் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும் என நாம் கேட்டுக் கொள்கின்றோம். முதலாவது, தற்போதைய வீதம் உண்மையிலேயே முதலீட்டுக்குத் தடையாக உள்ளது என்பதற்கு ஆதாரம் என்ன? இரண்டாவது, சலுகை முதலீடு செய்த பின்னர் அதற்கேற்ப வழங்கப்படுமா, அல்லது எந்த நிபந்தனையுமின்றி முன்கூட்டியே வழங்கப்படுமா? இயந்திரம் வாங்கியவருக்கு, ஊழியரைச் சேர்த்தவருக்குக் கழிவு வழங்குவது வேறு. வெறுமனே வருமானம் உள்ளவருக்கு வழங்குவது வேறு. மூன்றாவது, இழக்கப்படும் வருமானம் எவ்வளவு, அதனை யாரிடமிருந்து ஈடு செய்வீர்கள்? நான்காவது, சலுகையின் பயனைப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் மீளாய்வு செய்யுமா? 2021 இல் நிறைவேற்றப்பட்ட கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் போன்றவை நாற்பது ஆண்டுகள் வரை வரி விலக்களிக்க இடமளித்த நாட்டில் இந்நான்காவது வினா மிக முக்கியமானதாகும். இந்நான்கு வினாக்களுக்கும் விடையளிக்கும் வரிக் குறைப்பை எதிர்க்க வேண்டிய தேவை எமக்கில்லை. 2019 இல் இவற்றுள் ஒன்றுக்கேனும் விடையளிக்கப்படவில்லை.

வரி என்பது எவரும் மகிழ்ச்சியுடன் செலுத்துவதல்ல. செலுத்திய வரி ஊழலிலும் வீண்விரயத்திலும் கரைவதைக் கண்ட மக்கள் வரிக் குறைப்பை வரவேற்பதில் வியப்புமில்லை. 2019 இல் அவ்வறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்தோர் செல்வந்தர்கள் மட்டுமல்லர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. எனவே வரி செலுத்துங்கள் என்று மக்களிடம் கோரும் உரிமை, அவ்வரி எங்கு செல்கின்றது என்பதை வெளிப்படையாகக் காட்டும் அரசுக்கே உண்டு. எனினும், கிராமத்து மருத்துவமனையின் மருந்தும், தோட்டப் பாடசாலையின் ஆசிரியரும், வன்னிக் குளத்தின் அணைக்கட்டும் வரியினால் மட்டுமே நிலைபெறுகின்றன. செல்வந்தர் தனியார் மருத்துவமனைக்கும் சர்வதேசப் பாடசாலைக்கும் செல்லலாம். ஏழைக்கு வேறு புகலிடம் இல்லை. அரசின் களஞ்சியம் வெறுமையாகும்போது முதலில் பசிப்பது யாருடைய வயிறு என்பதை 2022 எமக்குக் கற்பித்தது. பெருவிலை கொடுத்துக் கற்ற அப்பாடத்தை அடுத்த தேர்தல் மேடையில் மறந்துவிடாதிருப்பதே ஆட்சியாளர்களதும் வாக்காளர்களதும் கடமையாகும்.